பிலவேந்திரனின் முதல் கச்சேரி

தமிழ் மெல்லிசையின் வரலாற்றை எழுதிக்கொண்டிருப்பவர்கள் அனைவரும் தயவுசெய்து பேனாவைக் கீழே வைக்கவும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறாம் வருடம், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மாலை ஐந்தரை மணிக்கு, வில்லியனூருக்குப் பக்கத்துப் பங்குக் கிராமமொன்றில் பாப் இசை பிறந்தது. பிறந்த குழந்தைக்கு வயது பத்தொன்பது. பெயர் பிலவேந்திரன்.

பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பிய சித்தப்பா ஒரு கிட்டாரும் நாலு இசைத்தட்டும் கொண்டுவந்திருந்தார். தட்டின் அட்டையில் இருந்த பையன்களைப் பார்த்து இவனும் முடியை நெற்றியில் இறக்கிவிட்டான். அவர்கள் தாங்களே எழுதித் தாங்களே பாடுகிறார்களாம். ஆகவே இவனும் எழுதினான். ‘மேகமே, என் மாடிக்கு வா’ என்று தொடங்கும் பாட்டு. அவன் இருந்தது கூரை வீடு.

அப்பா சூசைநாதனுக்கு மேகத்தோடு விரோதம் ஒன்றுமில்லை. மகனுக்கு மில்லில் வேலை பேசி வைத்திருந்தார், அவ்வளவுதான். அம்மா இடையில் புகுந்து அழுததில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது.

“திருநாள்ல ஒரு வாட்டி பாடு. அதக் கேட்டுட்டு ஒரு வாரத்துல எவனாச்சும் வந்து, எங்க ஊர்ல பாடுன்னு கூப்ட்டா வூட்லயே இரு. இல்லன்னா மில்லு. இன்னா சொல்ற?”

சரி என்றான்.

தேருக்குப் பூ கட்டி முடிக்கும்வரை ஐந்து நிமிஷம் என்றார் சர்ச் சாமியார். மைக் செட்டு பச்சையப்பனுடையது. திருவிழா என்றால் பக்கத்து ஊருக்குக் கேட்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்துச் சட்டம்; உள்ளூர்க்காரன்தான் நேரிலேயே நிற்கிறானே. எனவே குழாய் ஸ்பீக்கர் இரண்டும் தென்னை உச்சியில், ஊருக்கு முதுகைக் காட்டியபடி இருந்தன. சாமியாரின் தொண்டைக்கு அது பொருட்டே அல்ல. பிலவேந்திரனோ, தட்டில் கேட்டதுபோல, காதோடு ரகசியம் சொல்கிற பாவனையில் பாடுகிறவன்.

முதல் வரி தென்னைக்கு ஏறியது. விளைந்த நெல்லின் மேலாகப் போய், அந்தக் கடைசியில் இருந்த தோப்பில் முட்டி, சாவகாசமாகத் திரும்பி வந்தது. அவன் குரல்தான், ஆனால் எங்கேயோ நல்ல இடத்தில் நாலு நாள் தங்கி, சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வந்த குரல். அடுத்த வரியை அதற்காக நிறுத்திப் பாடினான். மஞ்சள் வெயிலில் வயலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பிலவேந்திரன் நின்று பதில் பாடுவதுபோல் இருந்தது. அவன் இவனைவிடக் கொஞ்சம் நன்றாகவே பாடினான். கால் மேடைப் பலகையில் படுகிறதா என்றே இவனுக்குத் தெரியவில்லை. இனி இறங்கவே வேண்டாம் என்று தோன்றியது.

திருவிழா இரைச்சலில் எதிரே இருந்தவர்களுக்கு ஒரு வாய் மூடித் திறப்பது மட்டும் தெரிந்தது. ஜெபம் சொல்கிறான் என்று நினைத்து முன்வரிசைக் காசம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

முடிந்ததும் பச்சையப்பன் கேட்டான்: “மைக்க டெஸ்ட் பண்ணது போதும்பா. எப்பப் பாடப் போற?”

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. சைக்கிள் மணி கேட்டபோதெல்லாம் பிலவேந்திரன் வாசலுக்கு ஓடினான்; ஒருநாள் தபால்காரர், ஒருநாள் ஐஸ் விற்பவர். வெள்ளிக்கிழமை அப்பா புதுச் சாப்பாட்டுத் தூக்கு வாங்கி வந்து ஆணியில் மாட்டினார்.

சனிக்கிழமை காலை, பக்கத்து ஊர் நிலக்காரர் அரிகரன் சைக்கிளைச் சாத்திவிட்டு, அன்றைக்குப் பாடியது யார் என்று விசாரித்தார். பிலவேந்திரன் முடியை ஒதுக்கிக்கொண்டு எழுந்தான்.

“மொத்தப் பாட்டையும் வரப்புல நின்னு கேட்டேன் தம்பி. எங்க ஊருக்கு வந்து அதையே பாடணும்.”

எத்தனை நாள் என்று கேட்காமலே இவன் கிட்டாரை எடுக்க ஓடினான். அப்பாதான் கேட்டார்.

“அறுப்பு வரைக்கும். காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம்.”

சூசைநாதன் வாக்குத் தவறாதவர். மில்லுக்கு வரமாட்டான் என்று சொல்லியனுப்பினார். மறுநாள் நெல்வயலின் நடுவே பரண் கட்டி, கிட்டாரோடு பிலவேந்திரனை ஏற்றிவிட்டார்கள்.

அறுப்பு முடியும்வரை அந்த வயலில் ஒரு குருவிகூட இறங்கவில்லை.