திரும்பி வருவதற்குக் காரணம்

டென்மார்க் விசா மறுப்புக் கடிதத்தை நான் முன்பே வாசித்துவிட்டேன். என்றாலும் எதிர்வீட்டுச் சுபோதினி என் கதவடியில் நின்று சத்தமாக வாசித்தபோதுதான் அது எனக்கு வந்த கடிதம் என்று பட்டது. நான் இலங்கைக்குத் திரும்பி வருவேன் என்று நம்பப் போதிய காரணம் இல்லையாம்.

முன்பு இரண்டு முறை டென்மார்க் போய் வந்திருக்கிறேன். அப்போது இவர், என் கணவர், வெள்ளவத்தையில் இருந்தார். இருவரும் சேர்ந்து விசா கேட்டால் சந்தேகப்படுவார்கள், ஒருவர் போனால் மற்றவர் இங்கே இருக்கவேண்டும் என்று இவர்தான் வழி கண்டுபிடித்தார். "நான் உமக்குப் பிணை" என்று சிரிப்பார். அங்கே மகள் நிருஷாவின் வீட்டில் நாங்கள் இருவரும் ஒரு நாளும் ஒன்றாக இருந்ததில்லை. செப்டெம்பரில் இவர் இந்த உலகத்தைவிட்டே போய்விட்டார். பிணையும் போயிற்று.

"அக்கா, மகள் அங்க பெரிய கட்சியிலயெல்லோ எலெக்‌ஷன் கேக்கிறா. ஒரு சொல்லுச் சொன்னாக் காணாதே?" என்றாள் சுபோதினி.

நிருஷா சமூக ஜனநாயகக் கட்சிக்காரி. முதியோர் இல்லமொன்றில் வேலை. வயதானவர்களைப் பார்க்கக் கூடுதல் ஆட்களை எடுக்கவேண்டும் என்று சொல்லித்தான் ஹேர்னிங் நகரசபைக்கு நின்றாள். தகப்பனின் செத்தவீட்டை வீடியோவில் பார்த்தவள், மரணத் துடக்கு முப்பத்தொரு நாளும் முடியுமுன்பே வீடுவீடாகக் கட்சிச் சின்னமான ரோசாப்பூ கொடுத்து வாக்குக் கேட்டாள். துடக்கோடு பிறர் வீட்டுக்குப் போகலாமா என்று ஏசினேன். "உள்ளுக்குப் போகேல்லையம்மா, வாசலிலதான் நிண்டனான்" என்றாள்.

சுபோதினி கடிதம் வாசித்த அன்று பின்னேரம் நிருஷாவிடம் போனில் அதைப் பற்றிச் சொல்லி, கட்சியில் ஒருவரிடம் கேட்கச் சொன்னேன்.

"அம்மா, வெளிநாட்டாக்களுக்குச் சட்டம் இறுக்கமா இருக்கவேணுமெண்டு சொல்லுற கட்சி எங்கட. வாசலில ஆக்கள் முதல் அதைத்தான் கேக்கினம். நானும் சரியெண்டுதான் சொல்லுறன்."

"உனக்கும் அது சரியே, பிள்ளை?"

"அப்பிடிக் கேக்காதேங்கோ அம்மா." குரலைத் தணித்தாள், பக்கத்தறையில் யாரோ இருப்பதுபோல. "உங்களுக்கெண்டு நான் வாய் திறந்தா, நாளைக்கே என்ர பேரை வெட்டிப்போடுவினம்."

நான் பிறகு கேட்கவில்லை.

அவள் வென்றாள். மறுநாள் பின்னேரம் கட்சி அலுவலகத்திலிருந்து வீடியோவில் வந்தாள். கேக், கைதட்டல், உயரமான மனிதர்கள். நரைத்த தலை அம்மாள் ஒருத்தி அவளிடமிருந்து போனை வாங்கி, இப்படியொரு பிள்ளையைப் பெற்றவள் டென்மார்க்குக்கு ஒருமுறை வந்து தங்களோடு இருந்துவிட்டுப் போகவேண்டும் என்று ஆங்கிலத்தில் அன்பாகச் சொன்னாள். அவள் தோளுக்குப் பின்னால் நிருஷா சிரித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விசா மறுத்ததை நான் சொல்லிவிடுவேனோ என்ற பயம் அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

"ஓம், வாறன்" என்று தமிழிலேயே சொல்லிக் கையை அசைத்தேன்.

அங்கே எல்லோரும் திரும்பி எனக்குக் கை அசைத்தார்கள். அவர்களுக்கு நடுவில், அவர்கள் அசைத்த மாதிரியே, நிருஷாவும்.