மோம்போவில் பிரியும் சாலை

லுடோவிக்குக்கு விடுமுறை என்பது புறப்படும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடும். தார் எஸ் சலாமில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பூகோள ஆசிரியர் அவன். எங்கே எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த ஊரில் சாப்பிடுவது என்றெல்லாம் எழுதி முடித்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். அந்த டிசம்பரில் கல்யாணமாகிப் பத்து வருஷம் நிறைந்தது. மகள் அனெத்தை அவனுடைய அக்கா முன்னதாகவே மோஷிக்கு அழைத்துப் போய்விட்டாள். புருஷனும் மனைவியுமாகத் தங்கள் சின்னக் காரில் பத்து நாள் போவதாகத் திட்டம். டாங்காவில் இரண்டு நாள் கடல், பிறகு மோஷியில் அவன் அம்மா வீட்டில் கிறிஸ்துமஸ், கடைசியில் அருஷாவில் இரண்டு நாள், ஒரு நல்ல விடுதியில். அந்த அருஷாதான் அவன் ஆசை.

பூசை முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தை மேஜையில் விரித்திருந்தான். மனைவி நம்சிஃபு தேநீர்க் கோப்பையோடு வந்து, டாங்காவுக்கும் மோஷிக்கும் நடுவே ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"இந்த மோம்போவில இருந்து மேல ஏறினா லுஷோட்டோ தானே? ஒரு மணி நேரம்தான். ஒரு நாள் தங்கிட்டுப் போகலாமா?"

"லுஷோட்டோவுல என்ன இருக்கு?"

"சிக்குடானி இருக்கா. போன மாசம் மெசேஜ் அனுப்பினா. ஒருதடவை வந்துட்டுப் போன்னு."

சிக்குடானி இருந்தால் அங்கே ஷெகியோண்டோவும் இருப்பான். அவளுடைய புருஷன். லுடோவிக் அந்தப் பெயரை மறக்கவில்லை. நம்சிஃபு டாங்காவில் நர்ஸிங் படித்தபோது அவளைப் பெண் கேட்டு அவள் வீட்டுக்குக் கடிதம் அனுப்பியவன் அவன்தான். பதில் போய்ச் சேர்ந்து, தேதி குறிப்பதற்குள், அவளோடு ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்த சிக்குடானியைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டான். கல்யாணத்துக்கு முன்பே நம்சிஃபு இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். சொன்னது ஒருமுறைதான். அதன் பிறகு அவள் பேசவே இல்லை என்பதுதான் அவனை உறுத்தியது. ஆறிப்போன விஷயமென்றால் எப்போதாவது பேச்சில் வந்து விழாதா?

"பார்க்கலாம். நேரம் இடிக்குமான்னு கணக்குப் போட்டுப் பார்க்கணும்" என்றான்.

கணக்குப் போட்டதில் நேரம் இடிக்கவில்லை. எப்படிப் போட்டாலும் இடிக்கவில்லை. டாங்காவில் ஒரு நாளைக் குறைத்தால் போதும். அதுதான் அவனுக்குக் கோபம்.

அடுத்த வாரம் நம்சிஃபு புதுக் கிட்டெங்கே துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தாள். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து மெல்லிய பின்னல்களாகத் தலை பின்னிக்கொண்டு வந்தாள். வழக்கமாக அவள் பின்னுவது தடித்த பின்னல். மருத்துவமனையில் தொப்பி வைக்க அதுதான் வசதி.

"லுஷோட்டோவுக்கா இந்தப் பின்னல்?"

"தலைக்கு" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. அன்று முழுக்க அந்தப் பின்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அழகாகத்தான் இருந்தன. பத்து வருஷத்தில் தனக்காக அவள் அப்படி ஆறு மணி நேரம் உட்கார்ந்ததுண்டா என்று யோசித்தான். உண்டு என்று நினைவு வந்தது. இருந்தும் மனசு கேட்கவில்லை.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது அவன் ஒரு பொய் சொன்னான்.

"நம்ம ஸ்கூல்ல மோம்போ பக்கத்துக் கொரோக்வே ஊர்க்காரர் ஒருத்தர் இருக்கார்ல, அவர் சொன்னார். லுஷோட்டோ ரோட்டுல மண் சரிஞ்சிருக்காம். பஸ்ஸே ஏறலையாம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். மழையில் மலை மண் எப்படி இளகும், மரம் வெட்டிய சரிவு எப்படி இறங்கும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பதையெல்லாம் அவளுக்கும் சொன்னான். நம்சிஃபு பொறுமையாகக் கேட்டாள். "அப்படியா" என்றாள். பேனாவை எடுத்து அவனுடைய பட்டியலில் லுஷோட்டோ என்ற சொல்லை அவளே அடித்தாள்.

டாங்காவில் இரண்டு நாளும் நன்றாகவே போயின. வறுத்த மீன் தின்றார்கள், கடலில் கால் நனைத்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் தான் படித்த நர்ஸிங் பள்ளியின் வாசலில் போய் நின்றாள். உள்ளே போகவில்லை. மாடியில் ஒரு ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். லுடோவிக் காரில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். இந்த வாசலில்தானே ஷெகியோண்டோ வந்து காத்திருப்பான் என்று தோன்றியது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மோம்போவில் தேநீர் குடிக்க நிறுத்தினார்கள். மலைச்சாலை பிரியும் முக்கு அது. அவர்கள் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பஸ் மலையிலிருந்து இறங்கி வந்து நின்றது. கூரை முழுக்கப் பேரிக்காய்க் கூடைகள். நம்சிஃபு எழுந்து நடத்துநரிடம் போனாள்.

"தம்பி, மேல ரோடு எப்படி இருக்கு?"

"ரோட்டுக்கு என்னக்கா? ஜோரா இருக்கு. மூணு டிரிப் அடிக்கிறோம்."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்து மிச்சத் தேநீரைக் குடித்தாள். லுடோவிக் சப்பாத்தியைத் தட்டில் வைத்தான்.

"சரி பண்ணியிருப்பாங்க போல" என்றான்.

"அனெத் அப்பா, போதும். நீங்க சொன்ன அன்னிக்கே சிக்குடானிக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன். மெசேஜுக்குக்கூட அதுவரைக்கும் நான் பதில் போடலை. பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அவ குரலைக் கேட்டதே உங்க மண்சரிவாலதான்."

"தெரிஞ்சா ஏன் சும்மா இருந்தே?"

"எவ்வளவு தூரம் போவீங்கன்னு பார்த்தேன். மோம்போ வரைக்கும் வந்துட்டீங்க."

அவன் பக்கத்து மேஜைக்காரர்கள் கேட்டிருப்பார்களோ என்று பார்த்தான். யாரும் கவனிக்கவில்லை.

"நீங்க மோஷிக்குப் போங்க" என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. "நான் இந்த பஸ் திரும்பும்போது ஏறிக்கிறேன். நாளைக்கு வந்துடறேன்."

அவளைத் தனியாக அனுப்பிவிட்டு மோஷி வரைக்கும் தனியாகக் கார் ஓட்டுவதை அவன் கற்பனை செய்து பார்த்தான். முடியாது என்று தெரிந்தது. போய் வண்டியை எடுத்து மலைப்பக்கம் திருப்பினான்.

வளைவுக்கு மேல் வளைவு. பாதி வழியில் குளிர்ந்த காற்று அடித்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"அவனைப் பார்க்கணும்னு இவ்வளவு ஆசையா?"

"எவனை?" என்றாள் நம்சிஃபு. பிறகுதான் புரிந்து அவனை உற்றுப் பார்த்தாள். "ஓ. அதுக்குத்தான் மண் சரிஞ்சுதா." ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

ஷெகியோண்டோ வனத்துறையில் வேலை பார்த்தான். வீடு ஊருக்குச் சற்று மேலே, பிளம் மரங்களுக்கு நடுவே. குள்ளனாக, தொப்பையோடு இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் லுடோவிக் வேண்டிக்கொண்டு வந்தது பலிக்கவில்லை. நெடுநெடுவென்று, நரைகூட விழாமல், சிரித்த முகமாக வந்து லுடோவிக்கின் பெட்டியை வாங்கிக்கொண்டான். நல்லவனாகவும் தெரிந்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

நம்சிஃபு அவனுக்கு மரியாதையாக வணக்கம் சொன்னாள். அவ்வளவுதான். அவள் கண் வாசலைத் தாண்டி உள்ளே போயிருந்தது. ஈரக் கையைத் துடைத்தபடி சிக்குடானி வெளியே வந்தாள். கனத்த உடம்பு, பாதி நரைத்த தலை. இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை.

"பின்னல் நல்லா இருக்குடி" என்றாள் சிக்குடானி.

"நீ பின்னிவிடுவியே, அந்த மாதிரிதான் கேட்டேன். பின்னினவளுக்கு வரலை."

"உள்ள வா."

அடுக்களைக் கதவு சாத்திக்கொண்டது. ஆண்கள் இருவரும் வெளியே மர நாற்காலியில் இஞ்சித் தேநீரோடு உட்கார்ந்தார்கள். சாலை, மழை, பள்ளிக்கூடம் என்று பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் உயர்ந்தது. ஷெகியோண்டோ பேச்சை நிறுத்தித் தலை குனிந்துகொண்டான்.

"ஆம்பளை போனா போறான்" என்று நம்சிஃபுவின் குரல் கேட்டது. "அவனுக்காக நான் ரெண்டு நாள்கூட அழலை. நீ ஏண்டி போன? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா நானே உனக்குத் தலை பின்னி அனுப்பி வச்சிருப்பேனே. படுக்கையைச் சுருட்டிட்டு, நான் நைட் டூட்டியில இருக்கும்போது போனியே."

"உன் மூஞ்சியைப் பார்த்தா என்னால போக முடியாதுடி."

"அப்ப போகாம இருந்திருக்கணும்."

பிறகு அழுகை. யார் அழுகிறார்கள் என்று தெரியவில்லை. லுடோவிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை நாள் எத்தனை விதமாக இந்த மனிதனை அவள் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து வெந்திருக்கிறான். அவள் மனசில் இந்த ஆளுக்கு ஒரு முக்காலிகூடப் போட்டிருக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றான் ஷெகியோண்டோ மெல்ல. "என் வீட்டில தினமும் அடிபடுற பேரு நம்சிஃபுதான். உப்பு கூடினா, 'நம்சிஃபு இருந்தா சொல்லியிருப்பா'ம்பா. மழை வந்தா, 'நம்சிஃபுவுக்கு இடின்னா பயம்'பா. நாங்க சண்டை போட்டா, உனக்காக அவளை விட்டேனேன்னு ஆரம்பிப்பா. நான் ஜெயிச்சதா ஊர்ல நினைக்கிறாங்க."

நம்சிஃபுவுக்கு இடி என்றால் பயம் என்பது லுடோவிக்குக்குத் தெரியாது. பத்து வருஷமாக இடி இடித்தபோதெல்லாம் அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள். துணி நனையாமல் இருக்கத்தான் என்று நினைத்திருந்தான்.

அப்போதுதான் உள்ளே அவள் சிரித்தாள். முதலில் அது அவள் சிரிப்பு என்றே அவனுக்குப் பிடிபடவில்லை. மூச்சு வாங்கி, மூக்கை உறிஞ்சி, தட்டு ஏதோ கீழே விழுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கிய சிரிப்பு. அவன் வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு ஒருநாளும் கேட்டதில்லை. தீர்ந்துவிட்டது என்று நினைத்த பொறாமை, இடம் மாறி உட்கார்ந்து இன்னும் நன்றாகக் கடித்தது. இந்த ஆளோடு மோதியாவது பார்க்கலாம். அந்தச் சிரிப்போடு என்ன செய்வது?

மறுநாள் காலை சிக்குடானி அவனுக்கு மக்காச்சோளமும் பயறும் வேகவைத்துத் தட்டு நிறையப் போட்டாள்.

"அண்ணே, ரோட்டை ரிப்பேர் பண்ணி வச்சிருந்தோமே, சௌகரியமா வந்தீங்களா?"

நம்சிஃபு குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள். அவனும் வேறு வழியில்லாமல் சிரித்தான். சாப்பிட்டு எழுந்தபோது நம்சிஃபு பின்னாலேயே வந்தாள்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கலாமா? அம்மாவும் அனெத்தும் காத்திருப்பாங்கன்னு தெரியும். உங்க முடிவுதான்."

அவன் பட்டியலை எடுத்துப் பார்த்தான். கிறிஸ்துமஸைத் தள்ள முடியாது. ஆனால் அதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. இங்கே இரண்டு நாள் தங்கினால் மோஷியில் அந்த இரண்டு நாளைப் பின்னால் கூட்ட வேண்டும், இல்லையென்றால் அம்மா விடமாட்டாள். கூட்டினால் அருஷா இல்லை. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு நியாயமான காரணங்கள் மூன்று இருந்தன. மூன்றும் உண்மையானவை.

"இருக்கலாம்" என்றான்.

அம்மாவுக்குப் போன் செய்து திட்டு வாங்கினான். விடுதிக்குச் செய்து அறையை ரத்து செய்தான். மதியம் நான்கு பேருமாகப் பள்ளத்தாக்கு தெரியும் முனைவரை நடந்தார்கள். பெண்கள் இருவரும் கைகோத்து முன்னே போனார்கள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் ஷெகியோண்டோவும் அவனும், யாரோ இழுத்துப் போகும் இரண்டு பெட்டிகள் மாதிரி, அவர்கள் வேகத்துக்குத் தோதாக நடந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து மலையிறங்கும்போது நம்சிஃபுவின் தலையில் வேறு பின்னல் இருந்தது. சிக்குடானி அவிழ்த்துப் பின்னிவிட்டிருந்தாள். வளைவுகளெல்லாம் முடிந்து சமவெளி வந்த பிறகு லுடோவிக் கேட்டான்.

"அவகூடச் சிரிக்கிற மாதிரி என்கூட ஏன் சிரிக்க மாட்டேங்கறே?"

கேட்டதும் வெட்கமாகிவிட்டது. முப்பத்தெட்டு வயது ஆள் கேட்கிற கேள்வியா. ஆனால் நம்சிஃபு சிரிக்கவில்லை.

"அது பத்தொன்பது வயசுச் சிரிப்பு" என்றாள். "அந்த வயசில நீங்க என்னைப் பார்க்கலை. அதுக்கு நான் என்ன பண்றது?"

அது அவனுக்கு வலித்தது. வலிக்கிறது என்றும் சொன்னான். அவள் கியர் மாற்றும் அவன் கையின்மேல் தன் கையை வைத்தாள்.

"எனக்கு இடின்னா பயம்னு ஷெகியோண்டோ சொன்னாராமே. நீங்க கேட்டதே இல்லை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"இப்பக் கேக்கறேன். வேற எதுக்கெல்லாம் பயம்?"

"மோஷி ரொம்ப தூரம் இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு, அவள் இருக்கையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிச் சாய்ந்துகொண்டு, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.