பிடித்து வைத்த படங்கள்

சோதனை போன்கள் வைக்கும் இழுப்பறையில் அந்த மலிவு போன் மட்டும் இன்றும் இல்லை.

"பேட்டரி உப்பிப் போச்சுடீ மித்ரா. சர்வீஸுக்குக் குடுத்திருக்கேன்," என்றாள் ஜூடித், திரும்பாமலே. எனக்குப் பக்கத்து இருக்கை அவளுடையது. தொம்மலூர் அலுவலகத்தில் கன்னடம் கலக்காத தமிழில் என்னோடு பேசுகிற ஒரே ஆள். தினமும் தன் டப்பாவில் பாதியை எனக்கு வைப்பாள்.

எங்கள் செயலியில் வீடியோ சில போன்களில் பாதியில் உறைந்துவிடுகிறது. சுருக்கி வைத்த வீடியோவை விரிக்கும் டீகோடர் பகுதியை எழுதியவள் நான். இன்று மதியத்துக்குள் காரணம் சொல்லாவிட்டால் வேலை நிரந்தரமாகாது என்று டீம் லீட் ஸ்ரீஹர்ஷா சொல்லிவிட்டார்.

வீடியோவை விரிக்கும் சிப்பிடம் சில பஃபர்கள், அதாவது தற்காலிக நினைவிடங்கள்தான் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு படம். திரையில் காட்டியதும் பஃபரைத் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த படத்துக்கு இடமில்லை. சிப் பேசாமல் காத்திருக்கும். பிழை என்று எதுவும் வராது.

திருப்பித் தரும் என் வரிகளை மறுபடி மறுபடி படித்தேன். சரியாகவே இருந்தன. பிறகு ஜூடித்தின் பகுதியைத் திறந்தேன். வீடியோவுக்குக் கீழே சின்னப் படங்களாக ஓடும் முன்னோட்டப் பட்டை. படங்களை நகலெடுக்காமல் அசல் பஃபர்களையே பிடித்து வைத்திருந்தாள். மலிவு போன்களில் அவை சீக்கிரம் தீர்ந்துவிடும். விலை கூடிய போன்களில் பஃபர் தாராளம், ஒன்றும் தெரியாது. இழுப்பறையில் மிச்சமிருந்தவை எல்லாம் அந்த ரகம்தான்.

தெரியாமல் செய்தாளா? போனை எந்தக் கடையில் கொடுத்தாள்? கேட்கத் திரும்பினேன். அவள் வைத்த பிசிபேளாபாத் என் மேசையில் ஆறிக்கொண்டிருந்தது.

மீட்டிங்கில் ஸ்ரீஹர்ஷா தன் புது போனை மேசையில் வைத்தார். "ஸ்மூத்தா ஓடுதே? யூசருங்க சும்னே, சும்மா, கம்ப்ளைன்ட் பண்றாங்களா?"

"மித்ராவோட ஏரியா சார், அவளே சொல்லட்டும்," என்றாள் ஜூடித்.

மூலை உடைந்த என் மலிவு போனை நான் ஆபீசில் யார் முன்னாலும் எடுத்ததில்லை. இப்போது எடுத்தேன்.

"இதுல பாக்கலாமா சார்?"

"ஐயோ, இந்த டப்பாவுலயா? இதுல கால் வர்றதே பெருசு!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வீடியோவை ஓடவிட்டேன். ஒரு பெண் தோசை ஊற்றத் தொடங்கினாள். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். நான் ஜூடித்தைப் பார்த்தேன். அவள் விரல் நிறுத்தும் பொத்தானை நோக்கி நீண்டது. வீடியோ அப்போதும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"இரும்மா, ஓடட்டும்," என்றார் ஸ்ரீஹர்ஷா.

கரண்டி கல்லுக்கு மேலே நின்றுவிட்டது. வழிந்த மாவு பாதியில் தொங்கியது. எண்ணெய் பொரியும் சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.