காலிப் பக்கம்

காலை ஒன்பது மணிக்கு உம்மா மூச்சு நின்று மௌத்தாகிவிட்டார். பத்து மணிக்குள் தம்பி ஜாஃபர் சாதிக்கை முப்பது தடவை கூப்பிட்டேன். போன் அணைந்தே கிடந்தது. சவூதியில் அவன் வேலை பார்க்கும் எண்ணெய் ஆலையில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம்தான் திரும்பக் கிடைக்கும். தெரிந்தும் விரல் சும்மா இருக்கவில்லை.

அவனால் நினைத்தவுடன் வர முடியாது என்பது உம்மாவுக்கும் தெரியும். போன தடவை அவன் கிளம்பும்போது, "வர முடியாட்டி பரவாயில்ல ஜாஃபரு. என்னைத் தூக்குற நேரத்துக்கு நீ இருக்குற இடத்துலயே எனக்காகத் தொழுதுடு" என்று கையைப் பிடித்து வாக்கு வாங்கியிருந்தார்.

அதற்குத்தான் என் இணையப் பக்கம் இருந்தது. நாகூரில் யார் மௌத்தானாலும் பெயர், தெரு, அடக்க நேரம் என்று மூன்றே வரி. அதைப் பார்த்து வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் அங்கேயே தொழுவார்கள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நானே எழுதியது. மௌத்து இல்லாத நாளில் பக்கத்தைக் காலியாக விட்டுவிடுவேன். "இன்று யாரும் மௌத்தில்லை" என்று ஒருமுறை போட்டதற்கு உம்மா, "வாயை வச்சிடாதடி பர்வின்" என்று திட்டியதிலிருந்து அப்படித்தான்.

மூன்று வரியோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஜென்மமா நான்? பிரவுசர்களில் மாதத்துக்கொரு புது வசதி வந்தது; வந்ததையெல்லாம் சேர்த்தேன். அழகான எழுத்து, அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்கு வழி காட்டும் மேப், தானாக வரும் அறிவிப்பு. ஒன்றைச் சேர்த்தால் அதைத் தாங்க இன்னொன்று வேண்டியிருந்தது.

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தொறக்கவே நேரமாவுது லாத்தா" என்றான் ஜாஃபர்.

"அந்தப் பழைய பொட்டியைத் தூக்கிப் போடச் சொல்லு" என்றேன். போன வெள்ளிக்கிழமை, பெயர்களைக்கூடப் புது முறையில் வரவழைக்கும்படி மாற்றினேன். என் போனில் பளிச்சென்று வந்தது. எனக்கு ஒரே பெருமை.

பத்தேகாலுக்கு உம்மாவின் பெயரை நானே ஏற்றினேன். ஆயிஷா பீவி, அசர் தொழுகைக்குப் பின் அடக்கம். இங்கே ஐந்து மணி, அவனுக்கு இரண்டரை. மதியச் சாப்பாட்டுக்கு முன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறப்பதை அவன் ஒருநாளும் தவறவிட்டதில்லை. பார்த்திருப்பான். சந்தூக்குப் பெட்டியில் உம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் வாசலைத் தாண்டியபோதும் அதையேதான் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

ஏழரைக்கு அவனே கூப்பிட்டான்.

"என்ன லாத்தா, இத்தனை மிஸ்டு கால்?"

"பக்கத்தைப் பாக்கலையாடா?"

"பாத்தேனே. அஞ்சு நாளா காலியாத்தான் இருக்கு. இன்னைக்கும் காலியா இருக்கவும், ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு அல்ஹம்துலில்லாஹ் சொல்லிட்டுச் சாப்பிட உக்காந்தேன்."

அந்த ஐந்து நாளில் உம்மாவையும் சேர்த்து ஊரில் நான்கு மௌத்து. நான் எழுதிய புதுசு ஒன்று அவன் ஆபீஸ் கம்ப்யூட்டரின் பழைய பிரவுசருக்குப் புரியவில்லை. புரியாததை மட்டும் தள்ளிவிட்டு மீதியைக் காட்டியிருக்கலாம். அதுவோ ஒரு எழுத்துக்கூடக் காட்டாமல் நின்றுவிட்டது. கபர்ஸ்தானுக்குப் போனவர்கள் கைகால் கழுவிவிட்டுத் திரும்பி வந்து ஒரு மணி நேரமாகியிருந்தது. பாவி, என் பெருமைக்காக என் தம்பியின் வாக்கைக் கெடுத்தேன்.

"சரி லாத்தா, உம்மாகிட்ட போனைக் குடு" என்றான்.