பக்கத்துச் சீட்

சீமைக்குக் கிளம்பிய ஒரு துரையிடம் எட்மண்ட் வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நூறு மைல் வேகத்தில் பறக்கக் கூடியது. எல்லா வண்டியும் மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து போகும் தாம்பரத்தில் அதற்கு எங்கே வழி? பாதி நாள் வாசலில்தான் நின்றது. "என்னை ஒரு தடவை மகாபலிபுரம் கூட்டிட்டுப் போங்களேன்" என்று மனைவி மெட்டில்டா கேட்கும்போதெல்லாம், "இன்ஜினை ட்யூன் பண்ணிடறேன், அப்புறம் போலாம்" என்பான். காய்ச்சலில் படுத்தவள் ஒரே வாரத்தில் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு எல்லோரும் நடந்துதான் போனார்கள். எட்மண்ட் மட்டும் யார் சொல்லியும் கேட்காமல், அவளுடைய கைப்பையைப் பக்கத்துச் சீட்டில் வைத்துக்கொண்டு, சவப்பெட்டியை வைத்துத் தள்ளிய வண்டிக்குப் பின்னால் காரை உருட்டினான். பாட்டுப் பாடி நடக்கிறவர்களின் வேகம் அந்த இன்ஜினுக்கு ஒத்துவரவில்லை. பாதி வழியில் கொதித்து, ஆவி கக்கி நின்றுவிட்டது.

"எறங்கி நடந்து வா சார். வண்டி கெடக்கட்டும் வுடு," என்றான் பக்கத்து வீட்டு ரங்கன்.

எட்மண்ட் ஸ்டியரிங்கை விடவில்லை. "அவ இதுல வரணும்னு கேட்டா, ரங்கா."

பாட்டை நிறுத்திவிட்டு நாலு பேர் வந்தார்கள். முன்னால் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்; பின்னால் அவனை.