பக்கத்து சீட்டில் இருந்தவர்

இங்கிலாந்தின் போல்டன் நகரில் சிக்னலில் நின்றிருந்த மேவிஸின் காரைப் பின்னால் வந்த வேன் இடித்ததில் பம்பர் மட்டுமே நசுங்கியது. ஆனாலும் ஒரே வாரத்தில் ஒன்பதாவது முறையாக விபத்துக்கு நஷ்டஈடு வாங்கித் தருவதாகச் சொல்லும் கமிஷன்காரன் போனில் வந்துவிட்டான்.

"கழுத்து வலிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க மேடம், மீதிய நான் பாத்துக்கறேன்."

"வலியே இல்லங்கறேன், உனக்கென்ன காது செவிடா?"

"சரி, பக்கத்து சீட்டுல இருந்த மிஸ்டர் ஹம்ஃப்ரிக்கு?"

மேவிஸுக்கு ரத்தம் கொதித்தது. வண்டியில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிக்கொண்ட கார் பட்டறைக்காரன் கிளைவிடம் மட்டும்தான் அவள் விளையாட்டாக அந்தப் பெயரைச் சொல்லியிருந்தாள். நேரே அங்கே போய் நின்றாள்.

"என் விவரத்த எவனுக்குடா வித்த?"

"சத்தியமா நான் இல்ல மேடம்!"

"ஹம்ஃப்ரிக்குக் கழுத்து நல்லாத்தான் இருக்கு. பல்லும் நல்லாத்தான் இருக்கு, பாக்கறியா?" என்றபடி கூட்டி வந்திருந்த நாயின் வாரை அவிழ்த்துவிட்டாள்.