சும்னே

பெங்களூர் ஆஸ்பத்திரியில் சோதனைப் பெட்டியை மாட்டிக்கொண்டு ஓசூர் மாடி வீட்டுக்கு வந்த நேரத்திலிருந்து கருப்பசாமி கட்டிலை விட்டு இறங்கவில்லை. மார்பில் ஐந்து வயர், இடுப்பில் செங்கல் கனத்துக்கு ஒரு ரிக்கார்டர். ஒருநாள் முழுக்க இதயத்துடிப்பை டேப்பில் பிடிக்குமாம். கம்பெனியில் பாரம் தூக்கும்போது மார்பு படபடத்து இரண்டு முறை மயங்கி விழுந்தவர். அந்தப் படபடப்பு டேப்பில் விழுந்தால்தான் என்ன வைத்தியம் என்று சொல்ல முடியும். ஆஸ்பத்திரியில் இருப்பதே ஒரு பெட்டி. அதற்காக இரண்டு மாதம் காத்திருந்தார்கள். இந்த மனிதரோ மகாராஜா மாதிரி படுத்திருக்கிறார்.

மணிக்கொரு தரம் என்ன செய்தார் என்று எழுதக் கொடுத்த தாளை மறுநாள் காலையில் அவர் மனைவி ஜோதிமணி எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு மணி: சும்மா இருந்தேன். ஒரு மணி: சும்மா இருந்தேன். தாள் முழுக்க அதே. தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்னங்க இது? இதுக்கா ரெண்டு மாசம் காத்துக் கெடந்தோம்?"

"டாக்டரு சொன்னதத்தான செய்யுதேன்? கன்னடத்துல 'சும்னே'ன்னாரு, என்னமோ சொல்லி 'இரி'ன்னாரு. சும்மா இருன்னுதான அர்த்தம்?"

மோர் வாங்க வந்த கீழ்வீட்டுக் கெம்பம்மா வாசலிலேயே நின்றாள். அவளுக்கு வீட்டில் பேச்சே கன்னடம்தான். "நடுவுல 'தினா இர்தீரல்ல, ஹாகே'ன்னு சொன்னாங்களாண்ணா?"

"ஆமா, அப்படித்தான் என்னமோ."

"ஐயோ! தெனம் எப்படி இருக்கறீங்களோ அப்படியே இருங்கன்னு சொல்லியிருக்காங்க!"

ஓசூருக்கு வந்து ஒன்பது வருஷம், இன்னும் இவருக்குக் கன்னடம் பிடிபடவில்லை. ஜோதிமணிக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. மணி ஆறரை. எட்டு மணி பஸ்ஸில் பெட்டி திரும்பப் போக வேண்டும். வெறுங்குடத்தைக் கட்டிலருகே நங்கென்று வைத்தாள்.

"எந்திரிங்க. கீழ தண்ணி வருது."

தினமும் தண்ணீர் தூக்குவது அவர்தான், பத்தொன்பது படி. அவர் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். தாளும் பென்சிலுமாக அவள் பின்னால் போனாள். முதல் குடத்துக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதற்கும் இல்லை. அந்த நெஞ்சின் மேலும் அவளுக்கு எரிச்சலாக வந்தது. வேண்டாதபோதெல்லாம் படபடத்தது, இப்போது படபடத்தால் என்னவாம்!

மூன்றாவது குடத்தில் பதினோராவது படியில் அவர் நின்றுவிட்டார்.

"வருது, ஜோதி."

அவரை மயக்கிச் சாய்த்த அந்தப் படபடப்புக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் கட்டைவிரல் இடுப்பைத் தடவி, படபடப்பு வந்தால் அழுத்தச் சொல்லியிருந்த பெட்டியின் பட்டனைத் தேடி அழுத்தியது. தோளில் குடம் சரிந்து, தண்ணீர் படிப்படியாக இறங்கி அவள் பாதத்தை நனைத்தது. பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையால் குடத்தையும் மறு கையால் அவர் முதுகையும் தாங்கியபடி ஜோதிமணி நின்றாள்.